கழிக்க வேண்டிய எடை

புரட்டாசி 22, செவ்வாய்

சங்ககிரியில் எடை மேடை வைத்து, நாற்பது டன் இரும்பையும் அதன்மேல் படுத்துத் தூங்கிய கிளீனரையும் சேர்த்து நிறுத்துக் காட்டிய பொங்கியண்ணனாகிய நான், இன்று முதல் தூசி சுமக்கும் உத்தியோகத்தில் அமர்ந்திருக்கிறேன் என்பதை வருங்காலம் அறிக.

என் அக்காள் மகள் வடிவுக்கரசி கல்லுக்கு வயது கண்டுபிடிக்கிற படிப்புப் படிக்கிறாள். படித்துக்கொண்டே இருக்கிறாள். அவள் சேர்ந்தபோது கல்லாக இருந்ததெல்லாம் இப்போது மணலாகியிருக்கும். போன மாதம் ஊசிக்கரடு என்கிற குன்றில் சுத்தியலோடு ஏறி, சறுக்கி விழுந்து, வலது காலை உடைத்துக்கொண்டாள். முழங்கால் வரை மாவுக்கட்டு. இந்த லட்சணத்தில், இரண்டு வருடமாக வரிசையில் காத்திருந்த இயந்திரம் இப்போதுதான் அவளுக்குக் கிடைத்திருக்கிறது. வரும் திங்கள் முதல் மூன்று நாள். விட்டால் போயிற்று. அக்காள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "கார் ஓட்டத் தெரிஞ்ச வெட்டி ஆளு நம்ம குடும்பத்துல நீ ஒருத்தன்தான்டா" என்றாள். மாவீரர்கள் போருக்கு அழைக்கப்படுவது இப்படித்தான்.

சரக்கு விவரம்: ஊசிக்கரட்டில் உடைத்த பாறையை இடித்து, சலித்து, அலசி, கடைசியில் மிஞ்சியது கண்ணுக்கே தெரியாத சில மணிகள். சிர்க்கான் என்று பெயராம். ரூபாய் நாணயம் அளவு பிசின் வில்லையில் அவற்றைப் பதித்து, பாதி தேயும்வரை தேய்த்து, மெருகேற்றி, கழுவி, ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் மூடி வைத்திருக்கிறாள். வழி நெடுக அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் என்னை முறைத்தாள். நான் போட்டதா வேகத்தடை?

ஆராய்ச்சி மையத்து விருந்தினர் விடுதியில் இரண்டு அறை. சாம்பாரில் முருங்கைக்காயைத் தேட நீச்சல் தெரிந்திருக்க வேண்டும்.

புரட்டாசி 23, புதன்

இயந்திரத்தைத் தரிசித்தேன். வாசல் பலகையில் 'உயர் பிரிதிறன் அயனி நுண்ணாய்வு நிறை நிறமாலைமானி' என்று எழுதியிருக்கிறது. நான் அதைப் படித்து முடிப்பதற்குள் வாசலில் படுத்திருந்த நாய்க்கு மூப்பு வந்துவிட்டது.

உள்ளே ஓர் அரிசி ஆலை அளவுக்கு இரும்பும் குழாயும். நடுவே வளைந்து ஓடுகிறது ஒரு பெருங்குடல். இது என்ன செய்யும் என்று கேட்டேன். வில்லையில் இருக்கிற ஒரு மணியின்மேல் அயனிக் கற்றையைப் பாய்ச்சி, தலைமுடியின் பருமன்கூட இல்லாத ஒரு குழி பறிக்குமாம். குழியிலிருந்து தெறிக்கிற அணுக்களைப் பெருங்குடல் வழியாக ஓடவிட்டு, கனமானது இந்தப் பக்கம், லேசானது அந்தப் பக்கம் என்று பிரித்து எண்ணுமாம். மணிக்குள் இருக்கிற யுரேனியம் கோடிக்கணக்கான வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஈயமாக மாறுகிறது. எவ்வளவு மாறியிருக்கிறது என்று எண்ணிவிட்டால் கல்லின் வயது வந்துவிடும். அதாவது, கோடிக்கணக்கில் செலவழித்து ஒரு தூசியைப் பார்த்து "உனக்கு என்ன வயசு?" என்று கேட்கிறார்கள். டயரை ஓர் உதை உதைத்துவிட்டு லாரியில் எத்தனை டன் என்று சொன்னவன் நான். சிரிப்பை அடக்கியதில் விலா வலிக்கிறது.

இந்த ஆலைக்கு முதலாளி டாக்டர் அருமைநாதன். நாசரேத்துக்காரன். மாப்பிள்ளை ஊர்வலத்தில் தலைப்பாகை வைத்தவன்போல ஒரு பிளாஸ்டிக் தொப்பியைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடக்கிறான். செருப்பைக் கழற்றச் சொன்னான், வேறு செருப்பு கொடுத்தான், எனக்கும் ஒரு தொப்பி மாட்டினான். பிறகு பிரசங்கம். இந்த அறையில் ஒரே சத்துரு ஈயம்தானாம். வெளி ஈயம் துளி ஒட்டினாலும் மணிக்குள் பிறந்த ஈயத்தோடு கலந்து கணக்கே குட்டிச்சுவராகிவிடுமாம். பவுடர் கூடாது, பெயிண்ட் கூடாது, வில்லையை வெறுங்கையால் தொடவே கூடாது. "பாத்துக்கிடுங்க, அண்ணாச்சி" என்று என்னைப் பார்த்தே சொன்னான். நான் என்ன, தெருத்தெருவாகப் போய்ப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவனா?

கிளம்பும்போது, வயது தெரிந்ததும் அந்தக் கல்லுக்குப் பொங்கியண்ணப் பாறை என்று பெயர் வைத்துவிடும்படி இருவருக்கும் ஆணையிட்டேன். காலை உடைத்தவள் அவளாக இருக்கலாம். பெட்ரோல் போட்டவன் நான்.

புரட்டாசி 24, வியாழன்

வடிவு இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தாள். தூண்டித் துருவியதில் விஷயம் வந்தது.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் தணிகாசலம், முன்னொரு காலத்தில் ஊசிக்கரட்டின் வயது இருநூற்றைம்பது கோடி என்று எழுதிவிட்டார். அந்த ஒரு கட்டுரையை வைத்து வீடு கட்டி, பெண்ணைக் கட்டிக்கொடுத்து, மூன்று மாலைகளும் ஒரு பொன்னாடையும் வாங்கிவிட்டார். இவள் போய், அடியில் இருக்கிற பாறை முந்நூறு கோடிக்கும் மேல் என்கிறாள். கருத்தரங்கில் எல்லோர் முன்னாலும் சிரித்தாராம். "மிஷின் சொல்லட்டும்மா" என்றாராம். இந்த முறை தெளிவான எண் வரவில்லையென்றால், அவருடைய எண்ணை வைத்தே ஆய்வேட்டை முடித்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். மார்கழியோடு உதவித்தொகையும் நின்றுவிடும்.

"ஐம்பது கோடி வருசம்தான வித்தியாசம்? ரெண்டு பேருக்கும் பொதுவா இருநூத்தி எழுவத்தஞ்சுன்னு பேசி முடிச்சிரலாமே அம்மணி" என்றேன். உரசலாகி வந்த எத்தனை லாரிக்காரர்களுக்கு இப்படிப் பஞ்சாயத்து செய்திருக்கிறேன்! அவள் சிரிக்கவில்லை. தட்டை நகர்த்திவிட்டு, தாங்குகட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த இட்லியை நான் சாப்பிட்டேன். கல்தான். வயது இருநூறு கோடிக்குக் குறையாது.

புரட்டாசி 25, வெள்ளி

ஆயுத பூசை. இந்த விஞ்ஞானிகள் பூசை செய்கிற அழகை உலகம் பார்க்க வேண்டும். இயந்திர அறையைப் பூட்டிவிட்டார்கள்! முன் அலுவலகத்தில் ஒரு படம், பொரிகடலை. காகிதம் குத்துகிற மிஷினுக்குப் பொட்டு. தண்ணீர் சுத்திகரிக்கிற பெட்டிக்குப் பொட்டு. வாசலில் நின்ற ஸ்கூட்டர்களுக்கெல்லாம் மாலை. இத்தனைக்கும் காரணமான பெருங்குடலுக்கு ஒரு சிட்டிகை குங்குமம் இல்லை. அருமைநாதன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு கை பொரியை வாங்கித் தின்றுகொண்டு நிற்கிறான். ஆயுதத்தைப் பூட்டி வைத்துவிட்டு ஆயுத பூசை! எங்கள் எடை மேடையில் தேங்காய் உடைத்தால் அந்தச் சத்தத்தில் பவானி வரை மாடுகள் மிரளும்.

ஆகவே அகில உலக விஞ்ஞானத்தின் மானத்தைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பேருந்து நிலையத்து வாசலில் நல்ல செந்தூரமாக ஒரு பொட்டலம் வாங்கினேன். சும்மா சொல்லக் கூடாது, அஸ்தமனச் சூரியன் அதன் முன்னால் வெளிறிப்போகும். விடுதிக்கு வந்து கொஞ்சம் எண்ணெயில் குழைத்து, காருக்கு இட்டேன். தாங்குகட்டைக்கு இட்டேன். வடிவு நாற்காலியில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள், மாவுக்கட்டின்மேல் ஒன்று இட்டேன். பிறகு அவளுடைய ஆயுதம் எது? அதற்கும் நல்ல முறையில் செய்தேன். ஓரத்தில் ஒரு கடுகளவுதான். இட்டபிறகு, இவள் விழித்துப் பார்த்தால் வீண் பேச்சு என்று தோன்றியதால், வேட்டி நுனியால் பதமாகத் துடைத்து, முன்னைவிடப் பளபளப்பாக்கி, பெட்டியை இருந்தபடியே மூடி வைத்தேன்.

பொரிகடலையில் பாதி கல்.

புரட்டாசி 26, சனி

வில்லைக்குத் தங்கம் பூசினார்கள். மேலே மின்சாரம் ஓட அது வேண்டுமாம். வில்லையை வடிவு கொடுத்தபோது அருமைநாதன், கழுவியாயிற்றா என்று கேட்டான். ஊரிலேயே அமிலத்தில் கழுவி மூடியதுதான், பெட்டியைத் திறக்கவே இல்லை என்றாள். பேருக்கு ஒரு முறை நீரில் அலசிவிட்டுத் தங்கம் ஏற்றினான். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இப்படி மெல்லிசாகத் தங்கம் போட்டிருந்தால் சம்பந்தியே வந்திருக்க மாட்டார்கள்.

புரட்டாசி 28, திங்கள்

இயந்திரம் முட்டாள். இதை நான் முதல் நாளே கண்டுகொண்டேன்.

காலையில் முதலில் வயது தெரிந்த ஒரு மணியை அயனிக் கற்றையால் சுட்டுப் பார்த்தார்கள். சரியாகச் சொல்லிற்று. தெரிந்ததைச் சொல்ல எதற்கு மிஷின்? பிறகு வடிவின் மணிகள். முதல் மணி, எண்ணூறு கோடி வருடம். பூமியே அவ்வளவு கிழவி இல்லையாம். அடுத்தது இருநூறு. அதற்கடுத்தது எண்ணே வரவில்லை, கோடு கோடாகக் குதித்தது.

ஈயத்தில் நான்கு ஜாதி உண்டாம். மூன்று ஜாதி, யுரேனியமும் தோரியமும் பெற்ற பிள்ளைகளாகவும் வரும். நான்காவது மட்டும் எதற்கும் பிறப்பதில்லை. கல்யாணப் பந்தியில் இரு வீட்டாருக்கும் தெரியாத ஒரு முகம் தெரிந்தால், வெளியிலிருந்து ஒரு கூட்டமே புகுந்திருக்கிறது என்று அர்த்தமல்லவா, அந்த மாதிரி. அந்த முகம் இங்கே பந்தி பந்தியாக உட்கார்ந்திருக்கிறது.

அருமைநாதன் வில்லையை வெளியே எடுத்து நுண்ணோக்கியில் வைத்தான். ரொம்ப நேரம் குனிந்திருந்தான். மணிகளில் இருக்கிற விரிசல்களுக்குள் சிவப்பாக ஏதோ இறங்கியிருக்கிறது என்றான். இயந்திரத்துத் துருவாக இருக்கும் என்று நான் உடனே தெரிவித்தேன். டீ கொண்டுவருகிறவனின் கைகளைப் பரிசோதிக்க வேண்டும் என்றும் ஆலோசனை வழங்கினேன். வடிவும் ஒரு தடவை பார்த்தாள். பார்த்துவிட்டு நிமிர்ந்து, நீட்டி வைத்திருந்த தன் காலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டு இறுக்குகிறதோ என்னவோ.

தணிகாசலம் போனில் வந்தார். ஒலிபெருக்கியில்லாமலே எனக்குக் கேட்டது. அழுக்குச் சரக்கை எடுத்துக்கொண்டு போய் மானத்தை வாங்காதே, மிச்ச நாளை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு வா என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

புரட்டாசி 29, செவ்வாய்

வேட்டியைத் துவைத்தேன்.

அதே நாள், மாலை

இந்த விடுதியில் திருடர்கள் இருக்கிறார்கள். கொடியில் வேட்டியைக் காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தால் என் பையைக் கலைத்து வைத்திருக்கிறார்கள். பணம் அப்படியே இருக்கிறது. மூக்குக் கண்ணாடி இருக்கிறது. சட்டைகளை மட்டும் பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். மேலாளரைக் கூப்பிட்டு, விடுதியின் ஒழுங்கைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். நல்லவேளை, முக்கியமான சாமான்களைக் காரில் ஸ்டெப்னிக்கு அடியில் பத்திரப்படுத்தியிருந்தேன்.

மதியம் அருமைநாதன் வடிவை உட்காரவைத்து விசாரித்தான். கண் அவள் மாவுக்கட்டில் இருந்த பொட்டின்மேலேயே இருந்தது. ஆயுத பூசையன்று எதையாவது எங்கேயாவது பூசினாயா என்று கேட்டான். நான் சன்னல் வழியாக ஒரு வேப்பமரத்தை மிகுந்த கவனத்தோடு ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

"இல்லங்க சார். நான்தான் சரியாக் கழுவல" என்றாள் வடிவு.

ஆறு வருடம் படித்தவளுக்குக் கழுவத் தெரியவில்லை என்று இனி இந்த மையத்தில் குறித்துக்கொள்வார்கள். அடுத்த முறை நேரம் கேட்டால் வரிசையில் கடைசியில் நிறுத்துவார்கள். அவன் அதிகம் பேசவில்லை. பார்த்து இருந்திருக்கலாமே என்றான், அவ்வளவுதான். நாளை ஒரு நாள் மிச்சம் இருக்கிறது, விரிசல் இல்லாத இடமாகப் பார்த்துச் சுடலாம், ஆனால் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் தேறாது என்றான்.

வேப்பமரத்தில் காய் எதுவும் இல்லை.

புரட்டாசி 30, புதன்

இன்று நான் நாட்டுக்கு ஒரு நன்கொடை வழங்கினேன்.

வடிவு இயந்திர அறையில் இருந்தாள். அருமைநாதன் தன் அறையில் தனியாக இருந்தபோது போய், செந்தூரப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தேன். விஞ்ஞான வளர்ச்சிக்காக என் சொந்தச் செலவில் வாங்கியது, வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவன் பொட்டலத்தையும் பார்த்தான், என்னையும் பார்த்தான்.

"எங்கெல்லாம் பூசினிய?"

"வண்டியில. தாங்குகட்டையில. அம்மணியோட மாவுக்கட்டுல."

"அப்புறம்?"

"அப்புறம் வட்டமா, சின்னதா ஒன்னு இருந்துச்சுங்க."

"தொடச்சியளா?"

"வேட்டி நுனியிலதானுங்க. சலவை வேட்டி."

கண்களை மூடிக்கொண்டான். எனக்கு முன்னால் இருந்த மேசை, நாற்காலி, சுவரில் இருந்த காலண்டர் எல்லாம் என்னை விட்டு விலகி நின்றமாதிரி இருந்தது. "அந்தப் புள்ள கழுவலைன்னு சொன்னது பொய்யிங்க. அது ஒழுங்காத்தான் கழுவுச்சு. எழுதறதா இருந்தா என் பேரை எழுதிக்கங்க" என்றேன். சபையில் இவ்வளவு சின்னக் குரலில் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

திட்டப்போகிறான் என்று நின்றால், அவர் கண்ணைத் திறந்து கேட்டது வேறு.

"இதே பொட்டலந்தானா? வேற எதும் கலந்தியளா?"

நல்லெண்ணெய், விடுதி அடுக்களையில் வாங்கியது என்றேன். எழுந்து, இரண்டு விரலால் பொட்டலத்தை எடுத்து, ஏதோ தங்கக்கட்டியைப்போலப் பெட்டிக்குள் வைத்தார். சில செந்தூரம் ஈயத்திலிருந்தே செய்வதாம். சிவப்பே ஈயத்தின் சிவப்புதானாம். இத்தனை நாள் செந்தூரம் இட்ட நெற்றியை நான் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

எடை மேடைதானே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"சரக்கு லாரி மேடைல ஏறுது. எடை வருது. சரக்கு மட்டும் எவ்வளவுனு எப்படிச் சொல்லுவிய?"

"காலி வண்டி எடையைக் கழிக்கணும்."

"காலி வண்டி எடை தெரியலன்னா?"

"சொல்ல முடியாதுங்க."

"அதான் ரெண்டு நாளா எங்க பாடு. உள்ள ஏறுன ஈயம் எதுன்னு தெரியல. அதுல நாலு வகையும் எந்தக் கணக்குல இருக்குன்னு தெரிஞ்சா கழிச்சிரலாம்." பெட்டியைத் தட்டினார். "இப்பத் தெரிஞ்சிரும்."

பக்கத்துக் கட்டடத்தில் ஈயத்தைக் கரைத்து அளக்கிற வேறொரு இயந்திரம் இருக்கிறதாம். ஆளைக் கூப்பிட்டு அனுப்பிவிட்டு, வடிவிடம் நிறுத்தாமல் சுட்டுக்கொண்டே இருக்கச் சொல்லும்படி என்னிடம் சொன்னார். விரிசல் ஓரத்தில் இருந்தாலும் பரவாயில்லை, சுடட்டும் என்றார்.

வெளியே வந்தபோது, இயந்திர அறையை விட்டு எப்போது வந்தாளோ, வடிவு அங்கே தாங்குகட்டையில் சாய்ந்து நின்றிருந்தாள். கேட்டிருக்கிறாள்.

"திங்கக்கெழமையே தெரியுமுங்க மாமா. கால்ல பொட்டு இருக்குதே."

அப்போதே கேட்டிருக்கலாமே என்றேன்.

"கேட்டா என்ன பண்ணிருப்பீங்க? செந்தூரமா, அப்படின்னா என்னன்னு கேட்டிருப்பீங்க. பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கெணத்துல போட்டிருப்பீங்க. அதான் உங்க பையில தேடினேன்."

என்னைப் பற்றி இவ்வளவு கேவலமான அபிப்பிராயம் வைத்திருக்கிறாள். கிணறு அல்ல. விடுதிக்குப் பின்னால் இருக்கிற சாக்கடை என்றுதான் யோசித்து வைத்திருந்தேன்.

விடுதி மேலாளரிடம் போய், திருட்டுப் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

ஐப்பசி 2, வெள்ளி

எங்கள் நேரம் புதனோடு முடிந்தது. இயந்திரத்தில் இப்போது வேறு யாரோ வேறு எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். செந்தூரத்தின் கணக்கு வந்தது. வடிவும் அருமைநாதனும் கணினி முன்னால் உட்கார்ந்தார்கள். நான் பின்னால் நின்றேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை.

கழித்தபிறகும் பாதிக்கு மேற்பட்ட மணிகள் தேறவில்லை. கரையேற்ற முடியாத அளவுக்கு ஈயம் உள்ளே இறங்கிவிட்டதாம். அவற்றை ஒவ்வொன்றாக வடிவு நீக்கினாள். ஒவ்வொன்றும் அவள் கரட்டிலிருந்து சுமந்து இறக்கியது. மிச்சம் இருந்தவை, திரையில் சிதறிக் கிடந்த புள்ளிகள், கழித்ததும் ஒரே கோட்டுப் பக்கமாக நகர்ந்து வந்து உட்கார்ந்தன. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வந்ததும் உட்காருகிற மாதிரி. முந்நூற்றுப் பதினேழு கோடி. கொஞ்சம் முன்பின் இருக்கும். சண்டை போட்டு ஜெயிக்க இது போதாது, ஆனால் இனி இருநூற்றைம்பது என்று எழுதச் சொல்ல எவனாலும் முடியாது என்றார் அருமைநாதன்.

வடிவு தணிகாசலத்துக்குப் போன் செய்து எண்ணைச் சொன்னாள். இந்த முறை ஒலிபெருக்கி போட்டும் அவர் குரல் தேய்ந்துதான் கேட்டது. எதைக் கழித்தாய், அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டார். இருக்குங்க சார், பேர் போட்டுக் கட்டுரையிலயே தர்றோம் என்றாள்.

ஐப்பசி 4, ஞாயிறு

வீடு வந்து சேர்ந்தோம். வேகத்தடைகளில் மெதுவாகவே ஓட்டினேன். மடியில் ஒன்றும் இல்லாதபோதும்.

சங்ககிரிக்குக் கொஞ்சம் முன்னால், கல்லுக்கு என் பெயர் வைக்கிற விஷயம் என்னவாயிற்று என்று கேட்டேன். சும்மா ஒரு பேச்சுக்கு. கல்லுக்கெல்லாம் அப்படிப் பெயர் வைக்க முடியாது என்றாள். கொஞ்ச தூரம் போனதும் அவளாகவே சொன்னாள்.

"ஆனா பேர் வெச்சாச்சுங்க மாமா. எந்த ஈயத்தைக் கழிச்சோமோ அதுக்கு ஒரு பேர் குடுக்கணும். அருமைநாதன் சார் என்ன போடலாம்னு கேட்டாரு. பொங்கியண்ணன் ஒன்னுன்னு போட்டுட்டேன்."

"ஒன்னா? அப்ப ரெண்டு?"

"ரெண்டு வரக்கூடாதுன்னுதானுங்க ஒன்னு."

இந்தச் சிறப்பை வாசகர்கள் உணர வேண்டும். முந்நூறு கோடி வருடத்துக் கல்லை உலகத்தில் எவன் எங்கே நிறுத்தாலும், முதலில் என்னை எடுத்து வெளியே வைத்துவிட்டுத்தான் நிறுக்க வேண்டும். ராஜாக்களுக்குக்கூடக் கிடைக்காத மரியாதை.

அக்காள் வாசலிலேயே நின்று, போன இடத்தில் ஏதாவது வில்லங்கம் பண்ணினாயா என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் வடிவு, மாமா இல்லாவிட்டால் இந்த எண் வந்திருக்காது என்றாள். பொய் என்று சொல்ல முடியாது. மெய் என்று சொல்ல அக்காளுக்குத் தைரியம் இல்லை. என் வேட்டி நுனியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு முறை துவைத்தும் அந்தச் சிவப்பு போகவில்லை.